பிரிட்டோ பேரில் ஒரு பந்தி

1

ஊருக்குப் போய்விட்டு வந்து மூன்று வாரம் ஆகிறது. நான் வந்து சேர்ந்துவிட்டேன், என் பெட்டி இன்னும் சேரவில்லை. விமானக் கம்பெனிக்குப் போன் போட்டால் ஒரு பெண் பூப்போலப் பேசுகிறாள். போன வாரம் பெட்டி துபாயில் இருந்தது. நேற்று அது எங்கே இருக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை. உள்ளே விலை உயர்ந்த பொருள் ஏதாவது உண்டா என்று கேட்டாள். பதினோரு மஞ்சள் பனியன், முன்னால் கொட்டை எழுத்தில் ‘தூத்துக்குடி’ என்று போட்டிருக்கும் என்றேன். அந்தப் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னாள். எங்கள் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது.

ஊரில் இருந்து இதைப் படிக்கிற உங்களில் சிலர், ‘ஆரம்பிச்சிட்டா சீமைக்காரி, இனி ரோடு சரியில்ல, தண்ணி சரியில்லன்னு அடுக்குவா’ என்று நினைப்பீர்கள். அப்படி ஒன்றும் இல்லை. இந்த முறை ஊர் சரியாகத்தான் இருந்தது. போனவர்கள்தான் சரியில்லை.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் தெற்குக் கரையில், சவுத்தாம்ப்டனில். இதுவும் துறைமுகம்தான். என் வீட்டுக்காரர் சூசை கன்டெய்னர் யார்டில் வேலை செய்கிறார். நான் முதியோர் இல்லத்தில். வெள்ளைக்காரக் கிழவிகளுக்குத் தலைவாரி, கஞ்சி ஊட்டி, மாத்திரை கொடுத்து, சாயங்காலம் பஸ் பிடித்து வருகிறேன். ரோஸ்லின் என்கிற என் பெயரை அவர்கள் ‘ரோஸ்’ என்று பாதியில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

ஒரே மகள் ஜெனி. பதினாறு வயது. இரண்டு வருடமாக இறைச்சி, மீன், முட்டை, பால் எதையும் தொடுவதில்லை. ஆடு மாடுகள் மேல் அவ்வளவு இரக்கம். பெற்றவள் மேல் அந்த இரக்கம் கிடையாது, தினமும் அவளுக்கென்று தனியாக ஒரு சமையல் நான் செய்தாக வேண்டும். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். கோவிலுக்கு வா என்றால் காதில் ஏதோ ஒன்றை மாட்டிக்கொள்வாள். நானும் விட்டுவிட்டேன். சில ஞாயிறுகளில் எனக்கும் வேலை இருக்கும், சில ஞாயிறுகளில் தூக்கம் இருக்கும்.

2

இந்தப் பயணமே பிரிட்டோவுக்காக.

பிரிட்டோவும் நானும் தூத்துக்குடியில் ஒரே தெரு. கப்பலில் சமையல்காரனாகச் சுற்றிவிட்டு எங்களுக்கெல்லாம் முன்னால் இங்கே கரையேறி, ஒரு ஓட்டல் அடுக்களையில் சேர்ந்தான். நான்கு தூத்துக்குடிக் குடும்பங்கள் இந்தக் குளிர் ஊரில் ஒட்டிக்கொண்டிருக்கிறோம் என்றால் அவன்தான் காரணம். யாருக்கு வீடு பார்க்க வேண்டும், யாருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, யார் வேலை போய் முகத்தைத் தொங்கப்போட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். வார வேலை முடிகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் அவன் வீட்டில்தான். தேங்காயும் சோம்பும் அம்மிப் பதத்துக்கு அரைத்துவிட்டு ஆட்டுக்கறிக் குழம்பு வைப்பான். அந்த ஒரு சாப்பாட்டுக்காகவே மற்ற நாட்களை நாங்கள் தள்ளினோம் என்று சொன்னால் பொய்யில்லை.

போன வருடம் வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நின்றவன் அப்படியே சரிந்துவிட்டான். நெஞ்சுவலி. ஐம்பத்திரண்டு வயது. இங்கேயே புதைத்தோம்.

ஊரில் அவனுக்கு இருந்தது ஒரே அக்கா, திரேசா. தாய் தகப்பன் போன பிறகு அவனை வளர்த்தது அவள்தான். உப்புக் கம்பெனி ஆபீசில் வேலை பார்த்து அவனைப் படிக்க வைத்தாள், கப்பலுக்கு அனுப்பினாள், கல்யாணம் செய்து வைத்தாள். தான் செய்துகொள்ளவில்லை. அடக்கத்துக்கு வர அவளிடம் பாஸ்போர்ட் இல்லை. போன் திரையில் பார்த்தாள். மழை பெய்துகொண்டிருந்தது, பாதி நேரம் அவள் பார்த்தது எங்கள் குடைகளைத்தான்.

கொஞ்ச நாள் கழித்து என்னைக் கூப்பிட்டாள்.

“ஏளா ரோஸ்லின், அவன அங்கனயே மண்ணுல வச்சிட்டிய. நான் மொகம் பாக்கல. அது போட்டும். வருசப் பூசையாவது இங்கன வையுங்க. தெரு வந்து கை நனைக்கணும். அதுவரைக்கும் என் வீட்டுத் துக்கம் முடியாது பாத்துக்கோ.”

எங்கள் தெருவில் அப்படித்தான். சாவு வீட்டில் வருட முடிவில் பூசை வைத்து, தெருவுக்கு ஒரு நேரம் சோறு போட வேண்டும். அசனம் என்போம். தெரு உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்தால்தான் அந்த வீட்டார் மறுபடியும் கல்யாணத்துக்கு, காதுகுத்துக்குப் போகலாம். அக்கா ஒரு வருடமாக எந்த நல்லதுக்கும் வாசல் தாண்டவில்லை. எதிர்வீட்டில் நடந்த கல்யாணத்தைக்கூட ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறாள்.

“அவன் ஆக்குற மாதிரி ஆட்டுக்கறி போடணும். நாள் பாத்தேன். நல்லவேள, வியாழக்கிழம வருது” என்றாள்.

எதற்கு நல்லவேளை என்று நான் கேட்கவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய பள்ளி விடுமுறையில் அந்த நாள் விழுந்திருந்தது, எங்களுக்கு அதுவே பெரிய நல்லவேளையாக இருந்தது.

3

நான்கு குடும்பம், பதினோரு பேர். தலைவர் ராயப்பன். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு கிளாஸ் லீடராக இருந்தவர், அந்தப் பதவியை இன்னும் ராஜினாமா செய்யவில்லை. டிக்கெட், லாட்ஜ், வேன் எல்லாம் அவர் ஏற்பாடு. மஞ்சள் பனியனும் அவர் யோசனைதான். துக்க காரியத்துக்குப் போகிறோம், மஞ்சளா என்று கேட்டேன். “பிரிட்டோவுக்குப் பிடிச்ச கலர்” என்றார். செத்தவன் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை.

லண்டனிலேயே விமானம் தாமதம். சென்னையில் இறங்கியபோது புதன்கிழமை. ‘வெளிநாட்டவர்’ என்று போர்டு போட்ட வரிசையில் நின்றோம். பிரிட்டோவின் மனைவி மெர்சியின் முறை வந்தது. அவளுடைய பழைய பாஸ்போர்ட்டுக்கும் புதியதற்கும் ஏதோ ஒத்துவரவில்லை. அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார், கணவர் கூட வந்திருக்கிறாரா என்று. மெர்சி திரும்பிப் பார்த்தாள். பழக்கதோஷம். வரிசையில் அவனைத் தேடிவிட்டு, இல்லை, இறந்துவிட்டார் என்றாள். அதற்கு ஒரு சான்றிதழ் கேட்டார்கள். அது பெட்டியில். பெட்டி எங்கே என்று பார்த்தால் நான்கு பெட்டி வரவே இல்லை. இதெல்லாம் தீர்வதற்குள் தூத்துக்குடி விமானம் போய்விட்டது. அடுத்த நாள்தான் இடம் கிடைத்தது.

பெட்டி வரும் பட்டைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அக்காவைக் கூப்பிட்டோம். ஸ்பீக்கரில் போட்டார் ராயப்பன்.

“அக்கா, நாளைக்குப் பூசை நேரத்துக்கு வந்து சேர முடியாது. பூசையும் சாப்பாடும் ஒரு நாள் தள்ளி வெள்ளிக்கிழமை வச்சுக்கிடலாமா?”

“வெள்ளிக்கிழமையா?”

“ஆமாக்கா, வெள்ளிக்கிழமை!” என்று எல்லோரும் சேர்ந்து கத்தினோம். விமான நிலைய இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை என்று நினைத்தோம்.

பிறகு, “சரி, உங்களுக்குத் தெரியாததா” என்றாள்.

அடுத்து சமையல்காரர் சுடலை அண்ணாச்சிக்குப் போன். அவர் சமைப்பது ஊருக்கு வெளியே ஒரு கொட்டகையில். நேரத்துக்கு அண்டாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார். அவரும் அதையேதான் கேட்டார்.

“வெள்ளிக்கிழமைங்கியளே, கறி போடலாமா? பாத்துச் சொல்லுங்க.”

ராயப்பன் பெரிதாகச் சிரித்தார். “அண்ணாச்சி, நாங்க வேதக்காரங்க. வெள்ளி செவ்வாய்லாம் உங்களுக்குத்தான். நீங்க தைரியமா வெட்டுங்க.”

பக்கத்தில் இருந்த நாங்களும் சிரித்தோம்.

வியாழக்கிழமை சின்ன விமானம் எங்களைத் தூத்துக்குடிவரை கொண்டுபோயிற்று. ஜன்னலில் உப்பளம் தெரிந்தது, அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரிந்தது, கடல் தெரிந்தது. மெர்சி கண்ணாடியில் நெற்றியை வைத்து அழுதுகொண்டிருந்தாள். காற்று சரியில்லை என்று விமானி அறிவித்தார். இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு மதுரையில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள்.

மதுரையில் வேன் பிடித்தோம். டிரைவர் எட்டயபுரம் வழி என்றான். ராயப்பன் விடவில்லை. “எனக்குத் தெரியாத ரோடா? நேரா திருநெல்வேலி ரோட்டுல விடு” என்றார். அவர் கடைசியாக அந்த ரோட்டில் போனது கல்யாணத்துக்கு முன்னால். கயத்தாறில் வேன் புகைவிட்டு நின்றது. கட்டபொம்மனைத் தூக்கில் போட்ட ஊரில் எங்களையும் வெயிலில் போட்டுவிட்டான் டிரைவர். டீக்கடையில் போண்டா சாப்பிட்ட சூசை அரை மணி நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இடம் தேடினார்.

டீக்கடைக்காரர் கேட்டார், “எங்க போறிய?”

“தூத்துக்குடி.”

“மதுரையில இருந்தா? எதுக்கு இப்படி மூக்கச் சுத்தி வாரிய? எட்டயபுரம் ரோடுதான் கெடக்குல்லா?”

யாரும் ராயப்பனைப் பார்க்கவில்லை. அவர் டீயில் ஈ விழுந்துவிட்டதுபோல் தம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

4

ஊருக்குள் நுழையும்போது பொழுது சாய்ந்துவிட்டது. நான் பிறந்த வீடு இப்போது டைல்ஸ் கடையின் குடோன். அதைப் பார்க்க வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன், வேன் அந்த வழியாகவே போயிற்று. ஜெனியிடம், “இதுதான் அம்மா வீடு” என்றேன். அவள் ஷட்டரைப் பார்த்துவிட்டு, ‘நைஸ்’ என்றாள்.

லாட்ஜில் பையைப் போட்டுவிட்டு மெர்சியும் நானும் அக்காவைப் பார்க்கப் போனோம். கதவைத் திறந்தவள் மெர்சியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தம்பியின் முகம் பார்க்காதவள், அதைக் கடைசியாகப் பார்த்தவளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அழவில்லை. மெர்சிதான் அழுதாள்.

“மெலிஞ்சிட்டியே ளா” என்றாள் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பி, “சாப்பாட்டுக்கெல்லாம் சொல்லியாச்சா?” என்று கேட்டாள்.

“சொல்லியாச்சுக்கா. அண்ணாச்சி எல்லாம் பாத்துக்கிடுவாரு.”

“அப்ப சரி. தெருவுல எல்லா வீட்டுக்கும் நானே போய்ச் சொல்லிட்டேன். அவன் கூட்டாளி மிக்கேல் நாளைக்கு அவனுக்காகக் கடலுக்குப் போகல” என்றாள். ஒரு வருடத்தில் அவள் வீடு வீடாகப் போனது அன்றைக்குத்தான். அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு தெம்பு இருந்தது.

மறுநாள் காலையில் பூசை. சாமியார் ஊதா நிறத்தில் உடுத்தியிருந்தார். பீடத்தில் ஒரு பூ இல்லை. புனிதர்களின் சுரூபங்கள் எல்லாவற்றையும் ஊதாத் துணி போட்டு மூடியிருந்தார்கள். கண்ணெதிரே இருந்தது எல்லாம். சின்ன வயதில் அந்தத் துணியைப் பார்த்தாலே எங்களுக்குக் குரல் தாழ்ந்துவிடும். அன்றைக்கு எனக்குத் தூக்கக் கலக்கம், வயிற்றுவலியோடு சூசை பக்கத்தில் நெளிந்துகொண்டிருந்தார், பிரிட்டோ பெயரைச் சாமியார் எப்போது வாசிப்பார் என்பதிலேயே என் காது இருந்தது. மூடிய சுரூபங்களைப் பார்த்துக்கொண்டே, கோவிலுக்கு வெள்ளையடிக்கிறார்கள்போல என்று நினைத்துக்கொண்டேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

5

தெருமுனையில் சிலுவை நாட்டிய குருசடிக்குப் பக்கத்தில் பந்தல் போட்டிருந்தோம். குருசடியின் படியில் ஒரு நாற்காலி வைத்து, அதன்மேல் மாலை போட்ட பிரிட்டோ படம். பக்கத்தில் அக்கா. தெரு முழுக்க வந்தது. நடக்க முடியாதவர்களைக்கூடக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். அண்ணாச்சியின் வண்டி வந்து அண்டாக்கள் இறங்கின. சோறு, குழம்பு, ரசம். பந்தி உட்கார்ந்தது. இலை போட்டு, தண்ணீர் தெளித்து, சோறு வைத்தோம். ராயப்பன் குழம்பு வாளியோடு முதல் இலைக்குப் போனார்.

முதல் இலையில் மிக்கேல் அண்ணன். பிரிட்டோவின் சின்ன வயதுக் கூட்டாளி, விசைப்படகில் போகிறவர். கரண்டி இறங்குவதற்குள் இலைக்கு மேலே கையைக் குறுக்கே வைத்தார்.

“என்ன கொழம்பு ராயப்பா?”

“ஆட்டுக்கறிண்ணே. பிரிட்டோ வைக்கிற மாதிரியே.”

“ஏலே, இன்னைக்கு வெள்ளிக்கிழமைல்லா?”

ராயப்பன் சிரித்தார். அண்ணாச்சிக்குச் சொன்ன அதே பதிலைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது.

வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாளும் எங்களுக்குத் தவக்காலம். அதில் வெள்ளிக்கிழமை இறைச்சி ஆகாது. சுத்தபோசனம் என்போம். எங்கள் தெருவில் பழைய ஆட்கள் வருடம் முழுக்க வெள்ளிக்கிழமையும் தவக்காலத்தில் எல்லா நாளும் இறைச்சி தொடமாட்டார்கள். வியாழக்கிழமை என்றால் ஒரு நினைவுச் சாப்பாட்டுக்காக விட்டுக்கொடுப்பார்கள். அக்கா சொன்ன நல்லவேளை அதுதான். ‘வெள்ளிக்கிழமையா’ என்று அவள் கேட்டதும் அதற்குத்தான். கறியை மாற்றிவிடுவோம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். இதையெல்லாம் நமக்குப் போய் யாராவது சொல்லித் தருவார்களா? நாங்கள் பதினோரு பேர், அத்தனை பேரும் அந்தக் கோவிலில் அல்லது இங்கே ஒரு கோவிலில் ஞானஸ்நானம் வாங்கியவர்கள். சாமி கும்பிடாத அன்றைக்கும் நாள் தெரிந்திருக்க வேண்டியவர்கள். ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியது சுடலை அண்ணாச்சிக்கு மட்டும், அவரையும் சிரித்து அனுப்பிவிட்டோம்.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரிசையாக எல்லா இலைமேலும் கைகள் வந்தன.

“சாமியார்ட்ட ஓடிப்போய் ஒரு விலக்கு வாங்கிட்டு வரட்டுமாண்ணே?” என்றார் ராயப்பன். அவர் முகம் வேர்த்திருந்தது.

“சாமி குடுப்பாருலே” என்றார் மிக்கேல் அண்ணன். “தொண்டையில எறங்கணும்லா.”

வரிசைக் கடைசியில் ஒரு பெண் எழுந்திருப்பதற்காகச் சேலையை ஒதுக்கினாள். ஒருத்தி எழுந்தால் பந்தி எழுந்துவிடும். பந்தி எழுந்தால் தெரு கை நனைக்காமல் போய்விடும். நாங்கள் விமானம் ஏறிவிடுவோம். அந்தத் துக்கத்தோடு அந்த வீட்டில் இருக்கப்போவது அக்கா ஒருத்திதான்.

அக்கா நாற்காலியை விட்டு எழுந்து வந்தாள். அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“நீங்க அங்கன வெள்ளிக்கிழமை கறி தின்கியளா?”

“மறந்துபோச்சுக்கா.”

“எல்லாருமா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் என்னை விட்டுவிட்டுத் தெருவைப் பார்த்துப் பேசினாள்.

“இவிய மறந்துட்டாவ. போட்டும், போன எடம் அப்படி. எந்தம்பி மறக்கல. வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம எனக்குப் போன் போடுவான். என்னலே சாப்பாடுன்னு கேப்பேன். ரசஞ்சோறுதாங்க்காம்பான். அத்தன வருசத்துல ஒரு வெள்ளி தப்புனதில்ல. சந்தேகம்னா கேளுங்க, இந்தா நிக்காளுவ.”

அவன் போன் போட்டது உண்மை. எங்களுக்கு மாலை நாலு மணி, ஊரில் அக்கா ஜெபம் முடித்துப் படுக்கப் போகும் நேரம். வெங்காயம் நறுக்க நாங்கள் முன்னாலேயே போயிருப்போம். அவன் ஒரு கையால் கறியைக் கிண்டிக்கொண்டு, மறு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, எங்களைப் பார்த்துக் கண்ணடித்தபடி ‘ரசஞ்சோறுதான்க்கா’ என்பான். சத்தம் வெளியே வராமல் இருக்க மெர்சி துவாலையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பாள். அது எங்களுக்கு வாராவாரம் நடக்கும் ஒரு வேடிக்கை. ஒரு நாளும் அதை வேறு மாதிரி நாங்கள் நினைத்ததில்லை.

“அப்படித்தானளா மெர்சி?” என்றாள் அக்கா.

மெர்சி தரையைப் பார்த்துக்கொண்டு, “ஆமா மைனி” என்றாள்.

அப்போதுதான் என் பக்கத்தில் இருந்த ஜெனி வாயைத் திறந்தாள். ஆங்கிலத்தில், பளிச்சென்று, பந்தல் முழுக்கக் கேட்கும்படி. பிரிட்டோ அங்கிள் வெள்ளிக்கிழமைதோறும் ஆட்டுக்கறிதானே வைப்பார், இவர்கள் எந்த ரசத்தைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று கேட்டாள். அவள் மனதில் கெட்டது ஒன்றும் இல்லை. தெரியாததைக் கேட்டாள். நல்லவேளை, மட்டன் என்ற சொல் இங்கே வளர்ந்த பிள்ளைகள் வாயில் வருவதில்லை, ‘லாம்ப்’ என்பார்கள். அவள் பேசுகிற வேகத்தில் எனக்கே பாதி புரியாது.

நான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். மெர்சி கண்ணை மூடிக்கொண்டாள்.

“பிள்ள என்ன சொல்லுதா?” என்று கேட்டாள் அக்கா.

தெரு முழுக்க என்னைப் பார்த்தது.

“ரசம் வேணுமாம்க்கா” என்றேன்.

அக்காவின் முகம் அப்படியே மாறிற்று. சிரிப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் சிரிப்புக்குப் பக்கத்தில் இருந்தது. “கேட்டியளா? சீமையில பொறந்த பிள்ளைக்குத் தெரியுது. மொதல்ல அவளுக்கு ஊத்துங்க. அப்புறம் எல்லாருக்கும் ஊத்துங்க. எந்தம்பி தின்ன சோத்தத் தின்னுட்டுப் போங்க.”

மிக்கேல் அண்ணன் இலையிலிருந்து கையை எடுத்தார். ராயப்பன் ரச வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார், பாதி அவர் வேட்டியில் சிந்தியது. கடைசி வரிசைப் பெண் மறுபடியும் உட்கார்ந்தாள். தெரு ரசஞ்சோறு சாப்பிட்டது. இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்களும் உண்டு. நாங்களும் உட்கார்ந்தோம். என் பக்கத்து இலையில் மெர்சி ஒவ்வொரு கவளத்தையும் மென்றுகொண்டே இருந்தாள், விழுங்கியதாகத் தெரியவில்லை. ஜெனிக்கு மட்டும் ஒரு கஷ்டமும் இல்லை. அவள் சாப்பிடக்கூடிய சாப்பாடு ஊரில் அன்றைக்குத்தான் கிடைத்தது.

கறி அண்டா மூடியபடியே வண்டியில் ஏறியது. துறைமுக ரோட்டு லாரி டிரைவர்களுக்குக் கொடுத்துவிடுவதாக அண்ணாச்சி சொன்னார். ஏறும்போது ராயப்பனிடம், “நான் அன்னைக்கே கேட்டேம்லா?” என்றார்.

பந்தி முடிந்து தெரு எழுந்தபோது, கை கழுவுகிறவர்களுக்கு அக்காவே தண்ணீர் ஊற்றினாள். சாயங்காலம் எதிர்வீட்டுக்குப் போய், கல்யாணம் ஆன பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தாள்.

லாட்ஜில் ஜெனி கேட்டாள், “நீ ஏன் தப்பாச் சொன்னே?” தமிழில்தான் கேட்டாள். அவள் தமிழில் கேட்ட ஒரே கேள்வி அந்தப் பயணத்தில் அதுதான். அவங்க சாப்பிடட்டும்னு சொன்னேன் என்றேன். அவள் போனை எடுத்துக்கொண்டாள்.

6

எங்களை வழியனுப்ப அக்கா லாட்ஜுக்கே வந்தாள். கையில் ஒரு துணிப்பை. குடும்பத்துக்கு ஒன்றாக ரசப்பொடிப் பாக்கெட். மெர்சிக்கு மட்டும் இரண்டு.

“அவனுக்கு ஆள் வாரப்பல்லாம் குடுத்து விடுவேன்லா? வெள்ளிக்கிழமைக்கு வேணும்னு. கடைசியா விட்டது இந்நேரம் தீந்திருக்கும்” என்றாள்.

மெர்சி வாங்கிக்கொண்டாள். பெட்டி இல்லாததால் கைப்பையில் வைத்துக்கொண்டாள். வழியெல்லாம் பரிசோதனையில் அந்தப் பொடியை எடுத்து எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. இது என்ன என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். மசாலா என்று மட்டும் சொன்னாள்.

விமானத்தில் என் பக்கத்து இருக்கை அவளுடையது. விளக்கை அணைத்த பிறகு, தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். திடீரென்று பேசினாள்.

“அந்தப் பொடி எல்லாம் வீட்டுல அப்படியே இருக்கு ரோஸ்லின். மேல் தட்டுல. ஒண்ணுகூடப் பிரிக்கல. வண்டு வச்சிரும், தூரப் போடுங்கன்னு எத்தனை தடவை சொல்லிருக்கேன். போடவும் மாட்டாக, பிரிக்கவும் மாட்டாக. அடுத்த பாக்கெட் வந்தா அதுக்குப் பின்னால அடுக்கி வைப்பாக.”

அவனை எனக்கு நன்றாகத் தெரியும் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அக்காவை ஏமாற்றுகிறான் என்று அவனோடு சேர்ந்து சிரித்தவர்கள் நாங்கள். போனை வைத்த பிறகு அந்த முகம் எப்படி இருந்தது என்று நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

அவன் போன பிறகு வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் கூடுவது நின்றுவிட்டது. இந்த வாரம் வாருங்கள் என்று மெர்சி எல்லோருக்கும் செய்தி அனுப்பியிருக்கிறாள். நான்கு குடும்பமும் வருகிறோம் என்று பதில் போட்டாயிற்று. என்ன சமைப்பது என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.